இட்லி மாவு, நிழல் குச்சி, கடல் மணல்: பிள்ளைகளோடு வீட்டில் அறிவியல் செய்யத் தொடங்குவோருக்கு

வீட்டில் அறிவியல் சோதனை என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைக்கும் ‘எரிமலை’தான். பிள்ளை கை தட்டும், வாட்ஸ்அப்பில் படம் போடலாம், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தப்பில்லை. ஆனால் அதில் பிள்ளைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை எதுவும் இல்லை. என்ன நடக்கும் என்று பிள்ளை முன்கூட்டியே யூகித்து, ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்த்து, யூகம் சரியா தப்பா என்று தானே கண்டுபிடிக்கிற மாதிரி வேலைகள்தான் நான் சொல்லப் போவது. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலும் வெயிலும் ஐப்பசி மழையும் இலவசமாகவே கிடைப்பதால் செலவு ரொம்பக் குறைவு.

தொடங்கும் முன்

பெட்டியில் அடைத்து விற்கும் ‘சயின்ஸ் கிட்’ எதையும் முதலில் வாங்காதீர்கள். அதில் எல்லாம் அளந்து வைத்திருப்பார்கள். பிள்ளை மாற்றிப் பார்க்க இடமே இருக்காது. ஒரே அளவு சில்வர் டம்ளர் மூன்று, கண்ணாடி டம்ளர் இரண்டு, ரப்பர் பேண்ட், அளவுகோல், சாக்பீஸ், ஒரு லென்ஸ், ஒரு காந்தம் இருந்தால் போதும். காந்தத்துக்குப் பழைய இரும்புக் கடையில் உடைந்த ஸ்பீக்கர் ஒன்று கேளுங்கள், உள்ளே நல்ல கனமான காந்தம் இருக்கும். கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் லென்ஸ் கிடைக்கும். புதுச்சேரிக்காரர்கள் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் இதில் பாதியைப் பொறுக்கிவிடலாம்.

அப்புறம் ஒரு கோடு போடாத நோட்டு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம். மேலே கேள்வி, அதன் கீழே ‘நான் நினைப்பது’, அதன் கீழே ‘நடந்தது’. இரண்டாவதைச் சோதனைக்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்த பிறகு எழுதினால் எல்லாப் பிள்ளையும் “எனக்கு அப்பவே தெரியும்” என்றுதான் சொல்லும்.

பெரியவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. விடையைச் சொல்லிவிடாதீர்கள். “ஏம்ப்பா இப்படி ஆவுது?” என்று கேட்டால் “தெரியலையே, எதை மாத்திப் பார்த்தா தெரியும்?” என்று திருப்பிக் கேளுங்கள். நமக்கு விடை தெரிந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

பாதுகாப்பு விஷயத்தில் பேரமே கிடையாது. வெற்றிலைச் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். தீ வேண்டிய சோதனையில் தீக்குச்சி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரப் பிளக் பக்கமே போக வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. சோதனைக்கு எடுத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது.

முதல் வாரம்: இட்லி மாவு

தொடங்க இதைவிட நல்ல சோதனை இல்லை. பொருள் வீட்டிலேயே இருக்கிறது, ஆபத்தும் கிடையாது, டம்ளரில் ஊற்றியது போக மிச்ச மாவை இட்லிக்கே எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் பாக்கெட் மாவு வேண்டாம், அது ஏற்கெனவே பாதி புளித்திருக்கும். வீட்டில் அரைக்கிற நாளாகப் பாருங்கள்.

அரைத்துக் கரைத்த உடனே இரண்டு டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மாவை ஊற்றுங்கள். மாவின் மட்டத்துக்கு நேராக வெளியே ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு டம்ளர் அடுப்படி மேடையில், மற்றது ஃபிரிட்ஜில். இப்போது பிள்ளை நோட்டில் எழுதட்டும்: எது பொங்கும், எவ்வளவு பொங்கும்? தூங்கப் போகும் முன் ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை, ரப்பர் பேண்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். சில்வர் டம்ளரில் வெளியிலிருந்து மட்டம் தெரியாது, அளவுகோலை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளர் என்றால் இன்னும் சுலபம்.

வெளியே வைத்தது பொங்கியிருக்கும், ஃபிரிட்ஜில் வைத்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். விஷயம் அடுத்த வாரம்தான் சூடு பிடிக்கும். அரிசி மாவையும் உளுந்து மாவையும் கலப்பதற்கு முன் தனித்தனியாக எடுத்து, அரிசி மட்டும் ஒரு டம்ளர், உளுந்து மட்டும் ஒரு டம்ளர், கலந்தது ஒரு டம்ளர் என்று வையுங்கள். அரிசி மாவு சும்மாக் கிடக்கும். ஏன்? உளுந்தோடு ஒட்டி வரும் பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. அரிசியில் அந்தப் பிடிமானம் இல்லை. இதை நீங்கள் சொல்வதற்கு முன், பொங்கிய மாவைக் கரண்டியால் மெதுவாகக் கிளறி, குமிழி உடைந்து மாவு அமுங்குவதைப் பிள்ளையே பார்க்கட்டும்.

மூன்றாவது வாரம் உப்புப் போட்டது, போடாதது. நான்காவது வாரம் கையால் கரைத்தது, கரண்டியால் கரைத்தது. இதில் எது ஜெயிக்கும் என்று வீட்டுப் பாட்டியிடமும் ஒரு யூகம் வாங்கி நோட்டில் எழுதுங்கள், களை கட்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்பதில் உறுதியாக இருங்கள். உப்பையும் இடத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. இதே சோதனையை மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை செய்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதும் நல்லது.

மஞ்சளும் சங்குப்பூவும்

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு, சோப்பு மாதிரி அமிலத்துக்கு எதிரானது) பட்டால் சிவக்கும். சுண்ணாம்புக்குப் பதில் துணி சோப்புக் கரைசலே போதும்.

மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி நிழலில் காய வையுங்கள். காய்ந்த தாளைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் சோதனைத் தாள். எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர், ஆப்ப சோடாக் கரைசல், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டு. சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தாளில் பெயர் எழுதச் சொன்னால் சிவப்பு எழுத்தாக வரும். அதன்மேல் எலுமிச்சை தடவினால் மறுபடி மஞ்சள்.

இங்கே ஒரு சிக்கல் தானாகவே வரும். மஞ்சள் தாள் எலுமிச்சைக்கும் மாறாது, கேன் தண்ணீருக்கும் மாறாது. அப்படியானால் இரண்டும் ஒன்றா? இந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய வேலை வெற்றி. கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பிறகு வேலியோரம் நீலச் சங்குப்பூ பத்துப் பறித்து வெந்நீரில் போட்டு, நீலச் சாறு இறங்கியதும் ஆற வைத்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொள்ளுங்கள். எலுமிச்சை விழுந்ததும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். சோப்புத் தண்ணீருக்குப் பச்சைப் பக்கம் போகும். கேன் தண்ணீருக்கு நீலமாகவே நிற்கும். மஞ்சளுக்குக் காரம் மட்டும்தான் தெரியும், சங்குப்பூவுக்கு அமிலமும் தெரியும். செம்பருத்தி, பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று எதை வேண்டுமானாலும் இதே மாதிரி சோதிக்கச் சொல்லி விட்டுவிடலாம். ஒரு விடுமுறை முழுக்க ஓடும்.

மெழுகுவர்த்தியும் ஒரு பழைய தப்பும்

தட்டில் நிற்க வைத்து ஏற்றிய மெழுகுவர்த்தி, சுற்றிலும் ஒரு விரற்கடைத் தண்ணீர், மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்றுதான் பல வீடுகளிலும் வகுப்புகளிலும் சொல்கிறார்கள். அது சரியில்லை. அதைப் பிள்ளையே நிரூபிக்கலாம் என்பதால்தான் இந்தச் சோதனையை இங்கே சேர்க்கிறேன்.

முதலில், தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் தீ எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ஆனால் அணையும் நேரத்தில்தான் சடாரென்று ஏறும். அடுத்து, அதே டம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று அதேதான், ஆக்சிஜனும் அதேதான். ஆனால் தண்ணீர் முன்பைவிட உயரமாக ஏறும். தீயின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வருவதைச் சில சமயம் பார்க்கலாம். தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பெரியவர்கள் சொன்ன விளக்கத்தையும் சோதித்துப் பார்க்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிய வருவது மூன்று மெழுகுவர்த்திச் செலவில் நடக்கிறது.

மொட்டை மாடியில் ஒரு குச்சி

எனக்கு இருப்பதிலேயே பிடித்தது இதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி ஒன்றை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, மணல் மட்டத்துக்கு மேலே உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு தயார். பகல் 11.45 மணியிலிருந்து 12.45 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். வெறுங்காலோடு மாடி ஏறவிடாதீர்கள், சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும்.

நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் நம்மூரின் உண்மையான நண்பகல். அப்போது நிழல் கிடக்கும் கோடு சரியாக வடக்கு தெற்கு. அது கடிகாரத்தில் பெரும்பாலும் 12 ஆக இருக்காது. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கடலூரும் புதுச்சேரியும் 80 பாகைக்குச் சற்று மேற்கே இருக்கின்றன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால் சூரியன் நமக்குச் சுமார் பதினோரு நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. பூமியின் பாதை வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதிலும் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் உண்டு. பிப்ரவரி நடுவில் உண்மையான நண்பகல் 12.25 ஒட்டி வரும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சில நிமிடம் முன்பே வந்துவிடும்.

மாதம் ஒரு தடவை செய்தால் போதும். டிசம்பர் 21 ஒட்டி ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் வடக்கே 70 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். பிறகு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். ஏப்ரல் 21 வாக்கில் ஒரு நாள், 12.10 மணி அளவில், நிழலே இருக்காது. அன்றைக்கு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் அதைச் சுற்றி நிழல் விழாது. சென்னையில் இது மூன்று நாள் பிந்தி வரும். அங்கே சித்தப்பா வீடோ மாமா வீடோ இருந்தால் போனில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு நடப்பதைத்தான் பெரியவர்களே நம்ப மாட்டார்கள். ஆகஸ்ட் 21 வரை நம்மூரில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்கே 20 சென்டிமீட்டர். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று பிள்ளை எழுதிய யூகம் அன்றோடு உடையும்.

நிழல் இல்லாத நாளில் மேகம் மூடிவிட்டால் முகம் தொங்கிவிடும். அப்போது சொல்ல ஒரு கதை புதுச்சேரியிலேயே இருக்கிறது. கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரி வரப் புறப்பட்டார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்தது. அளவு எதுவும் தேறவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கமே தங்கி, 1769 ஜூன் மாதம் அடுத்த கடப்புக்குப் புதுச்சேரியில் ஆய்வகமே கட்டிக் காத்திருந்தார். அந்தக் காலையில் மேகம் வந்து மூடிக்கொண்டது. நமக்கு ஆகஸ்டிலேயே இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் இருக்கும் அறிவியல் மையத்துக்கும் கோளரங்கத்துக்கும் கூட்டிப் போவது நல்லதுதான். நான்கைந்து மாதம் நிழல் அளந்த பிறகு போங்கள். அப்போதுதான் பிள்ளை கேள்வியோடு போகும்.

கடற்கரைக்குப் போனால்

சுண்டல் வாங்கித் தின்பதோடு இரண்டு வேலையும் பார்க்கலாம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ புதுச்சேரிப் பக்கமோ மணலில் கறுப்பு வரிகள் கிடக்கும், அலை பெரிதாக அடித்து ஓய்ந்த பிறகு நன்றாகத் தெரியும். காந்தத்தை ஒரு பாலிதீன் கவருக்குள் போட்டு மணலில் துழாவுங்கள். மயிர் முளைத்தது போலக் கறுப்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். கவரிலிருந்து காந்தத்தை உருவினால் துகள் தானே உதிர்ந்துவிடும். கவர் போடாமல் காந்தத்தை நேராக மணலில் விட்டால் அப்புறம் அதைச் சுத்தம் செய்ய உங்களுக்கு ஒரு வேலை.

ஒட்டுவது பெரும்பாலும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது. சாதாரண மணலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானது தங்கி வரியாகிறது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆற்றைக் காட்டுங்கள். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை கடலூருக்கு வடக்கேதான் கடலில் சேர்கிறது. இப்படி ஆறுகள் மேட்டுப் பாறைகளை அரித்துக் கொண்டுவந்த சரக்குதான் கடற்கரை மணல். வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுவந்து லென்ஸில் பார்த்தால் கண்ணாடி போன்ற துகள், செந்நிறத் துகள், கறுப்புத் துகள் எல்லாம் பிரிந்து தெரியும். வீட்டு வாசலில் கொட்டியிருக்கும் ஆற்று மணலிலும் இதே காந்தத்தை விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வேலை உப்பு. ஒரு பாட்டிலில் கடல்நீர் பிடித்து வந்து துணியில் வடிகட்டி, 200 மில்லியை ஒரு சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். பக்கத்தில் அதே அளவு போர் தண்ணீர் இன்னொரு தட்டில். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் வரை உப்பு இருக்கும் என்பதால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் கிடைக்கலாம். மழைக்காலத்தில் ஆற்று முகத்துவாரம் பக்கம் பிடித்தால் குறையும், அதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். வெயிலில் வேகமாகக் காய்ந்தது பொடியாகவும் நிழலில் மெல்லக் காய்ந்தது பெரிய சதுரப் படிகமாகவும் வரும். மரக்காணம் பக்கம் போகும்போது உப்பளத்தைக் காட்டினால் பிள்ளைக்கு உடனே புரியும். தண்ணீர் பிடிக்கப் பெரியவர்தான் இறங்க வேண்டும். நம் கடலில் இழுப்பு அதிகம். காய்ச்சிய உப்பைச் சாப்பிட வேண்டாம்.

செடியில் ஒரு புழு

கறிவேப்பிலைச் செடியிலோ எலுமிச்சைச் செடியிலோ பறவை எச்சம் மாதிரி ஒரு சின்னப் புழு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். இலையோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வாயில் வலைத்துணி கட்டி, தினம் அதே செடியின் புது இலை போட்டு வந்தால் பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். சாய்ந்து ஏற ஒரு குச்சியும் உள்ளே வையுங்கள். வெளியே வந்ததும் சிறகு காயும் வரை தொடாமல் இருந்து, பிறகு திறந்துவிட வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் மழைமானி

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அடிமட்டம் தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். அளவுகோலை வெளியே ஒட்டும்போது சுழியம் டப்பாவின் உள் அடிமட்டத்துக்கு நேராக வரட்டும். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி நாலு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையும் முந்தின நாள் 8.30லிருந்து அன்று 8.30 வரையில்தான் கணக்கெடுக்கிறது. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மாடி ஏற வேண்டாம். 2011 டிசம்பர் 30ல் தானே புயலும் 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில் செய்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லட்டும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடி சுமார் 56 சதுர மீட்டர். டப்பாவில் 10 மில்லிமீட்டர் நின்றால் அந்த மாடியில் 560 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. பெருக்கல் கற்ற பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடும். உங்கள் அளவும் செய்தியில் வரும் கடலூர் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. டப்பாவைக் குறை சொல்வதற்கு முன் வேறு தெருவில் இருக்கும் ஒரு நண்பன் வீட்டிலும் இதே மாதிரி டப்பா வைக்கச் சொல்லுங்கள். கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்தில் கொட்டுகிற நேரத்தில் திருப்பாதிரிப்புலியூரில் தூறல்கூட இல்லாத நாட்கள் உண்டு. இரண்டு நோட்டையும் வாரக் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.